ஃபூன் தீவின் கோட்டைகளும் பண்ணை மாளிகைகளும்: மூன்று நாளில் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

உங்கள் கேள்வியை ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டு தொடங்குகிறேன். ஜூன் கடைசியில் டென்மார்க் போகிறீர்கள். கோபன்ஹேகன் வேலைகள் முடிந்து மூன்று நாள்கள் மிஞ்சுகின்றன. அம்மாவும் பத்து வயது மகளும் உடன் வருகிறார்கள். ஃபூன் தீவு முழுக்கக் கோட்டைகளாமே, எவற்றைப் பார்க்கலாம், உள்ளே விடுவார்களா, கார் எடுத்தே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று நாளுக்கு மூன்று இடம் போதும் என்பதுதான் என் முதல் பதில். ஆங்கில வரைபடங்களில் ஃபூனன் என்று இருக்கும் இந்தத் தீவிலும், பாலங்களால் அதோடு இணைந்த டோசிங்கே, லாங்கலாண்ட் தீவுகளிலும் கோட்டைகளும் பண்ணை மாளிகைகளுமாக நூற்றுக்கு மேல் இருக்கின்றன. முதல் தடவை போனபோது வாடகைக் கார் எடுத்துக்கொண்டு இரண்டு நாளில் ஒன்பது மாளிகைகளைச் சுற்றினேன். இரண்டாம் நாள் இரவு புகைப்படங்களைப் புரட்டியபோது எந்தக் கோபுரம் எந்த ஊருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் செங்கல், எல்லாம் அகழி, எல்லாம் ஓடு வேய்ந்த செங்குத்தான கூரை. அடுத்த கோடையில் ஒரே மாளிகையில் ஒரு நாள் முழுவதும் இருந்தேன். அதற்குப் பிறகுதான் மற்ற எட்டும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின.

பிடி கிடைத்தது ஒரு சொல்லில். டேனிஷ்காரர்கள் இந்த வீடுகளை ‘ஹெரெகோர்’ என்கிறார்கள். ‘ஹெரெ’ என்றால் பிரபு. ‘கோர்’ என்றால் பண்ணை. அரண்மனைக்கு ‘ஸ்லொட்’, அரணுக்கு ‘போர்க்’ என்று வேறு சொற்கள் உண்டு. பல வீடுகள் தங்கள் பெயரில் அவற்றையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அடிப்படையில் எல்லாமே பண்ணை வீடுகள். நெல்லுக்குப் பதில் கம்பும் பார்லியும், களத்துமேட்டுக்குப் பதில் பெரிய பெரிய தானியக் கொட்டகைகளும் என்று வைத்துக்கொண்டால், பண்ணையார் வீட்டை அறிந்த நமக்கு இவை அன்னியமாக இருக்காது.

அதனால் எந்த மாளிகைக்குப் போனாலும் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் சுற்றிலும் பாருங்கள். ஊர்ச் சாலையிலிருந்து லிண்டன் மரங்கள் இருபுறமும் அணிவகுக்க ஒரு நேர்பாதை உள்ளே போகும். முதலில் வருவது மாளிகை அல்ல. மாட்டுக் கொட்டில்களும் குதிரை லாயங்களும் தானியக் கொட்டகைகளும் சதுரமாகச் சூழ்ந்த பண்ணை முற்றம். ‘லாதெகோர்’ என்பது அதன் பெயர். அதற்கப்பால் அகழி, பாலம், பிறகுதான் மாளிகை. இந்த வரிசை மாறுவது அரிது. விளைச்சல் முதலில் பிரபுவின் கண்ணெதிரே கொட்டகைக்குள் போக வேண்டும் என்பதற்காகவே அமைந்த வரிசை அது. சில கொட்டகைகள் மாளிகையைவிட நீளமானவை. அவற்றை நம் பயணிகள் யாரும் படம் எடுப்பதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

நிலத்தை அவர்கள் அளந்த விதமும் தெரிந்திருந்தால் நல்லது. பரப்பளவால் அளக்காமல், எத்தனை பீப்பாய் தானியத்துக்குச் சமமான நிலம் என்று விளைச்சலால் மதிப்பிட்டார்கள். அந்த அளவுக்கு ‘ஹார்ட்கோர்ன்’ என்று பெயர். 1660-இல் மன்னராட்சி முழு அதிகாரம் பெற்றது. 1671-இல் கோமகன், பாரன் என்ற பட்டங்கள் உண்டாக்கப்பட்டன. கோமகன் பண்ணை அமைக்க 2,500 பீப்பாய் ஹார்ட்கோர்ன் நிலம் வேண்டும். பாரனுக்கு 1,000 போதும். பட்டம் என்பது நேரடியாக நிலத்தின் எடை.

முதல் நாளை முழுவதுமாக எகெஸ்கோவுக்குக் கொடுங்கள். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது ஏறக்குறைய ‘ஏயஸ்கவ்’ என்று ஒலிக்கும். வழி கேட்கும்போது இது உதவும். பெயருக்குப் பொருள் ஓக் காடு. ஏரியின் சேற்றில் ஓக் மரக் கம்பங்களை நெருக்கமாக அடித்து இறக்கி, அவற்றின் மேல் கட்டிய வீடு இது. ஒரு காடே அதற்குள் போய்விட்டது என்று பரம்பரையாகச் சொல்கிறார்கள். நீருக்கடியில் காற்றுப் படாமல் இருக்கும் வரை ஓக் மரம் உளுக்காது. ஏரி வற்றினால் கம்பங்கள் அழுகும். கம்பங்கள் அழுகினால் வீடு சரியும். ஆகவே அந்த நீர் அலங்காரத்துக்கு அல்ல, அஸ்திவாரத்தின் ஒரு பகுதி. பாலத்தில் நின்று அடிச்சுவர் நீருக்குள் இறங்கும் இடத்தைச் சிறிது நேரம் பாருங்கள். தரை என்று ஒன்று அங்கே கண்ணுக்குத் தெரியாது.

கட்டியவர் ஃபிரான்ஸ் பிரோக்கென்ஹூஸ். வீடு முடிந்த ஆண்டு 1554. பின்னாளில் நாட்டின் படைத்தலைவராகி, 1569-இல் வர்பெர்க் முற்றுகையில் பட்ட காயத்தால் இறந்தவர். அவர் ஏன் தண்ணீருக்கு நடுவே போய்க் கட்டினார் என்பதுதான் இந்தத் தீவின் கதை. 1534 முதல் 1536 வரை டென்மார்க்கில் உள்நாட்டுப் போர் நடந்தது. ‘கோமகன் போர்’ என்பார்கள். ஃபூனில் குடியானவர்களும் நகரத்தாரும் எழுந்து பிரபுக்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள். 1535 ஜூன் 11 அன்று அசென்ஸ் ஊருக்கு அருகே ஓக்ஸ்னெபியெர்க் என்ற மேட்டில் பிரபுக்கள் தரப்புத் தளபதி யோஹான் ரன்ட்ஸாவின் படை எதிர்த்தரப்பை நொறுக்கியது. அடுத்த ஆண்டு மதச் சீர்திருத்தம் வந்து திருச்சபை நிலங்கள் மன்னர் கைக்குப் போயின. பிரபுக்கள் கை ஓங்கியது. அந்தத் தலைமுறை கையில் பணமும் மனத்தில் பயமும் வைத்துக்கொண்டு வீடு கட்டியது. எகெஸ்கோவ் அந்த இரண்டாலும் ஆனது.

பயத்தை எங்கே பார்க்கலாம் என்றால், நடுச்சுவரில். வெளியிலிருந்து ஒரே கட்டடமாகத் தெரிந்தாலும் அது முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கும் இரண்டு நீள வீடுகள். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நடமாடும் அளவு தடிமனான இரட்டைச் சுவர். அந்தச் சுவருக்குள்ளேயே மறைவான படிக்கட்டுகளும் ஒரு கிணறும் இருக்கின்றன. முன்வீடு எதிரி கைக்குப் போனால் சுவருக்குள் புகுந்து பின்வீட்டிலிருந்து சண்டையைத் தொடரலாம். வெளிச்சுவரில் மேலே வரிசையாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பகுதியில் கீழ்நோக்கித் துளைகள் உண்டு. சுவரடிக்கு வந்தவன் தலையில் கொட்டுவதற்காக. இன்று நாம் காணும் கோபுர உயரம் மட்டும் பழையதல்ல. 1880-களில் ஹெல்கோ சேட்டர்வால் என்ற ஸ்வீடன் நாட்டுக் கட்டடக் கலைஞர் உயர்த்தியது.

அந்த வீட்டுக்குள் ஓர் அறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரிக்போர்க் பிரோக்கென்ஹூஸ் என்ற பெண்ணின் அறை. வீட்டைக் கட்டியவரின் பேத்தி. அரசவையில் தோழியாக இருந்தபோது ஃபிரெடெரிக் ரோசென்கிரான்ட்ஸ் என்ற இளம் பிரபுவோடு உறவு ஏற்பட்டு, 1599-இல் மணமாகாமலே ஒரு மகனைப் பெற்றாள். அவளுடைய தந்தை லௌரிட்ஸ் அவளை இந்த வீட்டில் ஓர் அறையில் அடைத்தார். தந்தை இறந்த 1604 வரை, ஐந்து ஆண்டுகள். அந்த இளைஞனைத் துருக்கியரோடு போரிட அனுப்பினார்கள். 1602-இல் இறந்தான், திரும்பி வரவில்லை. சுவர்களின் தடிமனை வெளியிலிருந்து வியந்துவிட்டு அந்த அறைக்குள் நிற்கும்போது அதே தடிமன் வேறாகத் தெரிகிறது. என்னால் அங்கே அதிக நேரம் நிற்க முடிந்ததில்லை.

உங்கள் மகளுக்கு மச்சில் ஒருவன் காத்திருக்கிறான். கூர்ங்கோபுரத்தின் அடியில் தலையணையில் படுத்துக் கிடக்கும் ஒரு மர மனிதன். அவனை அந்த இடத்திலிருந்து நகர்த்தினால் கிறிஸ்துமஸ் இரவில் வீடு முழுவதும் ஏரிக்குள் மூழ்கிவிடும் என்பது ஐதீகம். அந்த வீட்டுக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு அங்கே தங்காமல் இருந்த காலமும் உண்டு என்று சொல்வார்கள். கம்பங்கள் மேல் நிற்கும் வீட்டுக்கு மூழ்கிவிடும் பயம் இருப்பது இயல்புதானே. அதே மாளிகையில் ‘டைட்டானியாவின் அரண்மனை’ என்ற பொம்மை வீடும் வைக்கப்பட்டிருக்கிறது. மரத்தடியில் ஒரு தேவதையைப் பார்த்ததாகத் தன் சிறு மகள் சொன்னதற்காக, நெவில் வில்கின்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1907 முதல் 1922 வரை செய்வித்த வீடு. 18 அறைகள், ஆயிரக்கணக்கான நுண்ணிய பொருள்கள். குழந்தையை அழைத்துப் போனால் அதன் முன்னால் அரைமணி நேரம் போய்விடும். நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.

தோட்டம் பெரியது. செதுக்கிய வேலிகள், மூங்கிலால் ஆன புதிர்வழி, பழைய கார்களின் கூடம், மரங்களின் மேலே தொங்குபாலங்கள் என்று நாள் போதாது. அம்மாவுக்கு மாளிகையின் படிகள் சிரமமாக இருந்தால் தோட்டத்தில் பெஞ்சுகள் நிறைய உண்டு. ஏரியின் மறுகரையில் உட்கார்ந்தால் வீடு முழுவதும் நீரில் தலைகீழாகத் தெரியும். ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவில் வரும் பள்ளி விடுமுறை வரைதான் பொதுவாகத் திறந்திருக்கும். கோடைத் தொடக்கத்தில் அங்கே ஹார்ட்லாண்ட் என்ற இசைவிழா நடக்கிறது. அந்த நாள்களை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசி என்றால் கவலை இல்லை.

இரண்டாம் நாள் டோசிங்கே. ஸ்வென்போர்க் துறைமுகத்திலிருந்து பாலம் வழியாகவும் போகலாம், 1966-இல் கட்டிய பாலம் அது. ஆனால் கோடையில் ஓடும் ‘ஹெல்கெ’ என்ற சிறு படகில் போங்கள். 1924-இல் கட்டிய கப்பல், இன்றும் மர இருக்கைகளோடு கரையோர ஊர்களில் நின்று நின்று போகிறது. கடைசியாக வால்டெமார்ஸ் ஸ்லொட் மாளிகை அருகே இறக்கிவிடும். இந்த மாளிகையைக் கடலிலிருந்து வந்து பார்ப்பதுதான் சரி. அது கடலைப் பார்த்துத்தான் வளர்ந்தது.

கட்டியவர் மன்னர் நான்காம் கிறிஸ்டியான். 1639 முதல் 1644 வரை, கிர்ஸ்டன் முங்க் வழிப் பிறந்த மகன் வால்டெமாருக்காக. மகன் அதில் குடியேறவே இல்லை. ரஷ்ய ஜார் மன்னரின் மகளை மணக்க மாஸ்கோ போனான். மதம் மாற மறுத்ததால் அங்கேயே தடுத்து வைக்கப்பட்டான். 1645-இல் ஜார் இறந்த பிறகுதான் விடுதலை. 1656-இல் போலந்துப் போரில் இறந்துபோனான். இந்த மன்னரை நமக்கும் தெரியும். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620-இல் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது இவர் காலத்தில்தான். தரங்கம்பாடிக் கடற்கரையைப் பார்த்தவர்கள் டோசிங்கே கரையில் நின்றால் ஒரே ஆளின் கட்டடப் பசி இரண்டு கடல்களுக்குப் போய்ச் சேர்ந்ததைக் காணலாம்.

பிறகு அது கடற்படைத் தளபதி நீல்ஸ் யூல் கைக்கு வந்தது. 1677 ஜூலை 1 அன்று கோகெ விரிகுடாவில் ஸ்வீடன் கடற்படையை முறியடித்தவர். பிடிபட்ட கப்பல்களுக்காகக் கிடைத்த பரிசுப் பணத்தில் அடுத்த ஆண்டு டோசிங்கே நிலங்கள் அவருடையவையாயின. போரில் சேதமடைந்த மாளிகையை அவர் திருத்திக் கட்டினார். 18-ஆம் நூற்றாண்டு நடுவில் வந்த தலைமுறை முன்னால் ஒரு செவ்வக ஏரியும், அதன் கோடியில், கடல் விளிம்பில், தேநீர் மண்டபமும் சேர்த்தது. அந்த மண்டபப் படியிலிருந்து திரும்பிப் பார்த்தால் ஏரியின் இரு பக்கமும் நீண்ட பண்ணைக் கட்டடங்கள், நடுவில் மாளிகை. நான் சொன்ன அதே வரிசையை இங்கே கடலோரத்துக்கு இழுத்து நேராக்கியிருக்கிறார்கள்.

மாளிகையின் உட்புறம் திறந்திருக்கும் நாள்களைக் கிளம்பும் முன் அவர்களுடைய இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் சொத்து என்பதால் ஏற்பாடுகள் மாறுகின்றன. மூடியிருந்தாலும் நாள் வீணாகாது. கரையோரமாக நடந்தால் டிரோன்செ என்ற சிற்றூர். பாய்க்கப்பல் காலத்து மாலுமிகள் கட்டிய வைக்கோல் கூரை வீடுகள், மரச்சட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்பு பூசிய சுவர்கள், வாசலில் ஹாலிஹாக் பூக்கள். மேட்டில் இருக்கும் பிரெக்னிங்கே தேவாலயக் கோபுரத்தில் ஏறினால் தெற்கு ஃபூனின் தீவுக்கூட்டம் முழுவதும் காலடியில் கிடக்கும். நேரம் இருந்தால் லான்டெட் தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வரலாம். 1889 ஜூலையில் அருகிலிருந்த காட்டில் உயிர் துறந்த சர்க்கஸ் கலைஞர் எல்விரா மடிகனும் அவள் காதலன் சிக்ஸ்டென் ஸ்பாரெயும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாளுக்கு என் ஓட்டு லாங்கலாண்ட் தீவின் டிரானெகேர். ஸ்வென்போர்க்கிலிருந்து டோசிங்கே வழியாகப் பாலத்துக்குப் பாலம் தாண்டி ரூட்கோபிங் போய், வடக்கே திரும்ப வேண்டும். மேட்டின் மேல் நிற்கும் கருஞ்சிவப்பு மாளிகை சாலையிலிருந்தே தெரியும். 1231-ஆம் ஆண்டு வால்டெமார் மன்னரின் நிலப் பதிவேட்டில் இந்த இடம் குறிப்பிடப்பட்டிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து ஆலெஃபெல்ட் குடும்பத்தின் வீடு. இன்றும் குடும்பம் வசிக்கும் வீடு என்பதால் மாளிகைக்குள் எதிர்பார்ப்போடு போகாதீர்கள். பூங்காவுக்கும் ஊருக்குமாகப் போங்கள்.

ஊர் என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். மேட்டில் மாளிகை, அதன் அடியிலிருந்து ஒரே தெரு இறங்குகிறது. சத்திரம், பழைய பள்ளி, தச்சன், தோட்டக்காரன், கணக்கன் வீடுகள். இந்தத் தெருவில் மாளிகையை நம்பிப் பிழைக்காத வீடு இருந்ததில்லை. 1800-ஐ ஒட்டிய காலத்தில் இங்கே இருந்த கோமகனை ‘ஜெனரல்’ என்றே இன்றும் சொல்கிறார்கள். தனக்கென்று நாடக அரங்கும் இசைக்குழுவும் வைத்திருந்தவர். பூங்காவுக்குள் 1993-இல் ‘டிக்கோன்’ என்ற சிற்ப வெளி தொடங்கப்பட்டது. அல்ஃபியோ பொனான்னோவின் முயற்சி. ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி, டேவிட் நாஷ் போன்றவர்கள் அங்கே கிடைத்த மரம், கல், மண்ணைக் கொண்டே படைப்புகள் செய்தார்கள். மழையும் பாசியும் அவற்றை மெல்லத் தின்ன விட்டிருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு மரச் சிற்பத்தின் பாதி நொறுங்கி, மறுபாதியில் காளான் பூத்திருந்தது. யாரும் அதை எடுத்துச் சரிசெய்யப் போவதில்லை என்று தெரிந்து நின்று பார்ப்பது தனி அனுபவம்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் ஃபோபோர்க் நகருக்கு அருகே பிராஹெட்ரோலெபோர்க் இருக்கிறது. 1172-இல் சிஸ்டெர்சியன் துறவிகளின் மடமாகத் தொடங்கிய இடம். பிர்கிட்டே டிரோலெ என்ற பிரபுகுல விதவை 1672-இல் இதைப் பாரன் பண்ணையாக்கியபோது கணவரின் பிராஹெ, தன் டிரோலெ இரண்டையும் கோத்துப் பெயரிட்டார். ஆனால் எனக்கு அந்த இடம் முக்கியமாவது யோஹான் லுட்விக் ரெவென்ட்லோவால்.

அவரைச் சொல்வதற்கு முன், இந்த அழகான வீடுகளின் இன்னொரு பக்கத்தைச் சொல்லியாக வேண்டும். குடியானவர்கள் வாரத்தில் பல நாள்கள் கூலியில்லாமல் பண்ணை நிலத்தில் உழைக்க வேண்டும். நம் ஊரில் அமஞ்சி என்பார்களே, அதுதான். 1733-இல் வந்த சட்டம் 14 முதல் 36 வயது வரையுள்ள ஆண்கள் பிறந்த பண்ணையை விட்டு வெளியேறக் கூடாது என்றது. 1764-இல் அந்த வயது வரம்பு 4 முதல் 40 வரை என்று விரிந்தது. நான்கு வயதுப் பிள்ளை! அடங்காதவர்களைக் கூர்மையான முதுகு கொண்ட ஒரு மரக்குதிரை மேல் முற்றத்தில் எல்லாரும் பார்க்க உட்காரவைத்தார்கள். அந்தக் கட்டு 1788 ஜூன் 20 அன்று சட்டத்தால் நீக்கப்பட்டது. அதற்காக வாதாடியவர்களில் ரெவென்ட்லோ சகோதரர்களும் உண்டு. அண்ணன் கிறிஸ்டியான் டிட்லெவ் அரசில் இருந்து சீர்திருத்தினார். தம்பி யோஹான் லுட்விக் தன் பிராஹெட்ரோலெபோர்க் பண்ணையிலேயே செய்து காட்டினார். குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் நடத்தினார். நிலத்தைப் பரம்பரைக் குத்தகைக்குக் கொடுத்தார்.

இதன் தொடர்ச்சியைச் சாலையிலேயே பார்க்கலாம். மாளிகைகளுக்கு வெளியே சில இடங்களில் ஒரே அளவுள்ள சிறு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கொட்டகை, ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கும். 1919-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டத்தோடு கட்டப்பட்டிருந்த நிலங்களைச் சாதாரணச் சொத்தாக்கியது. பதிலுக்கு ஈட்டுத்தொகை பெற்றுக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு நிலத்தைச் சிறு விவசாயிகளுக்காக விட வேண்டியிருந்தது. அந்த வீடுகள் பல அப்படி வந்தவை. காரின் வேகத்தில் இது கண்ணில் படாது, சைக்கிளின் வேகத்தில் படும்.

வழியில் கிடைத்தால் பார்க்க வேண்டியவை இன்னும் சில. நூபோர்க் கோட்டையில்தான் 1282-இல் மன்னர் எரிக் கிளிப்பிங் தன் அதிகாரத்துக்கு வரம்பு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். டென்மார்க்கின் முதல் அரசியல் சாசனம் என்று அதைச் சொல்வார்கள். அங்கே பெரிய புதுப்பிப்புப் பணி நடந்திருப்பதால் நிலவரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள். ஹெஸ்ஸெலாகெர்கோர் அமைச்சர் யோஹான் ஃபிரீஸ் 1538-இல் தொடங்கிய வீடு. வெனிஸ் நகரத் தேவாலயங்களைப் போல வளைந்த கூரைச் சுவர்கள் ஃபூன் வயலுக்கு நடுவே நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். புரோஹோல்ம் மாளிகையின் சொந்தக்காரராக இருந்த ஃபிரெடெரிக் செஹெஸ்டெட், கற்காலக் கோடரிகளால் மரம் வெட்டி வீடு கட்ட முடியுமா என்று 1879-இல் உண்மையாகவே கட்டிப் பார்த்தவர். க்ளோருப் மாளிகையின் தோட்டம் குறிப்பிட்ட நாள்களில் திறந்திருக்கும். நீண்ட குளமும் லிண்டன் மரச் சுவர்களும் கொண்ட அமைதியான இடம். கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியான் ஆண்டெர்சென் அடிக்கடி விருந்தாளியாகத் தங்கிய வீடு. 1760-களில் அதை வாங்கிப் புதுப்பித்த ஆடம் கோட்லோப் மோல்ட்கெ, அப்போது தரங்கம்பாடியை நிர்வகித்த டேனிஷ் ஆசியக் கம்பெனிக்கும் தலைவராக இருந்தவர்.

இனி பயண விவரம். கோபன்ஹேகனிலிருந்து ஓடென்ஸ நகருக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பெரிய பெல்ட் கடல்வழியைத் தாண்டிப் போகும். ரயில் பாதை 1997-இலும் சாலைப் பாலம் 1998-இலும் திறந்தவை. கார் என்றால் பாலத்துக்குக் கட்டணம் உண்டு, குறைவானதல்ல. ஓடென்ஸவிலிருந்து ஸ்வென்போர்க் போகும் சிறு ரயிலில் க்வெர்ன்ட்ருப் நிலையத்தில் இறங்கினால் எகெஸ்கோவ் மிக அருகில். அம்மாவுக்காக அந்தத் தூரத்துக்கு மட்டும் பஸ்ஸோ டாக்ஸியோ பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள்களுக்குக் கார் தேவையே இல்லை. ஸ்வென்போர்க்கில் அறை எடுத்துக்கொண்டால் மூன்று இடங்களுக்கும் பொதுவான ஊர். மூன்றாம் நாள் டிரானெகேருக்கு மட்டும் கார் எடுங்கள். கிராமத்துப் பஸ்கள் சனி, ஞாயிறில் மிகக் குறைவு. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது அங்கே சட்டம்.

உள்ளே விடுவார்களா என்ற கேள்விக்கு: பெரும்பாலான மாளிகைகளில் மக்கள் வசிக்கிறார்கள். டிக்கெட் விற்கும் இடங்களில் தாராளமாகப் போகலாம். மற்றவற்றில் ‘பிரிவாட்’ அல்லது ‘ஆட்கங் ஃபோர்புட்’ என்ற பலகை கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்; இரண்டுக்கும் பொருள் உள்ளே வராதே என்பதுதான். தனியார் காடுகளில் பாதைகளில் நடக்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு, காலை 7 மணியிலிருந்து சூரியன் மறையும் வரை. ஜூனில் இரவு பத்து மணிக்குப் பக்கத்திலும் வெளிச்சம் இருக்கும் என்பதால் இது பெரிய சலுகை. பல மாளிகைகளின் நல்ல காட்சி காட்டுப் பாதையிலிருந்துதான் கிடைக்கும்.

முற்றங்களில் உருண்டைக் கற்கள் பதித்திருப்பார்கள். மெல்லிய அடி கொண்ட செருப்பு போட்டால் மாலையில் பாதம் வலிக்கும். அம்மாவுக்குத் தடித்த அடியுள்ள காலணி கட்டாயம். கோடையானாலும் காற்றும் மழையும் சொல்லாமல் வரும், ஆளுக்கொரு மழைச்சட்டை வைத்துக்கொள்ளுங்கள். அம்மா சைவம் என்றால் ‘ரூகெஓஸ்ட்’ கேட்டுப் பாருங்கள். வைக்கோல் புகையில் பதப்படுத்திய இளம் பாலாடைக்கட்டி, ஃபூனுக்கே உரியது. கம்பு ரொட்டியில் முள்ளங்கித் துண்டுகளோடு தருவார்கள். மகளுக்கு ‘புருன்ஸ்விகெர்’: மேலே வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் உருகி ஊறிய ரொட்டி. சாலையோரத்தில் ஆளில்லாத சிறு பலகைக் கடைகள் இருக்கும். ஸ்ட்ராபெரி, புது உருளைக்கிழங்கு, தேன் என்று வைத்துவிட்டு ஒரு உண்டியலும் வைத்திருப்பார்கள். பலவற்றில் உள்ளூர்க் கைபேசிச் செயலியில்தான் பணம் கேட்பார்கள், உங்களிடம் அது இருக்காது. ஆகவே சில்லறைக் காசு கொஞ்சம் கையில் வையுங்கள். ஜூன் கடைசியில் ஃபூன் ஸ்ட்ராபெரியைத் தாண்டிப் போவது கடினம்.